விசிறி விமானங்களின் ஓய்வும் விமானிகளின் மறுபடிப்பும்

ஆலை ஒன்றில் பழைய இயந்திரத்தை அகற்றிவிட்டுப் புதிய இயந்திரத்தை நிறுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அகற்றப்பட்ட இயந்திரத்துக்கு அதனால் வருத்தம் ஏதுமில்லை. ஆனால் இருபது ஆண்டுகளாக அதன் முன்னே நின்று, அதன் ஓசையைக் கேட்டே அதன் குறை நிறைகளை அறிந்துகொண்ட தொழிலாளியின் நிலை என்ன? அவருடைய கைப்பழக்கத்தில் எவ்வளவு இனிப் பயன்படும்? எவ்வளவு வீணாகும்?

நம் குமரி மாவட்டத்துக்கு இக்கேள்வி புதிதன்று. கட்டுமரத்திலும் பாய் விரித்த வள்ளத்திலும் காற்றின் போக்கறிந்து கடலோடியவர்கள், வள்ளத்தில் மோட்டார் பொருத்தப்பட்டபோது புதிதாகப் பழக வேண்டியிருந்தது. கடலும் மீனும் மாறவில்லை, கருவி மாறியது. ஆகாயத்திலும் இதே கதை நடந்திருக்கிறது; இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. முன்னே விசிறி சுழலப் பறந்த விமானங்கள் ஓய்வு பெற்றபோது, அவற்றை ஓட்டிய விமானிகள் என்ன ஆனார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

விசிறி விமானம் எவ்வாறு பறக்கிறது?

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் போகும்போது முப்பந்தல் பக்கத்தில் வரிசை வரிசையாக நிற்கும் காற்றாலைகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காற்று இறக்கையைச் சுற்றுகிறது. அச்சுழற்சியிலிருந்து மின்சாரம் கிடைக்கிறது. விமான விசிறியில் இது தலைகீழாக நடக்கிறது. இயந்திரம் விசிறியைச் சுற்றுகிறது. விசிறி காற்றைப் பின்னுக்குத் தள்ளுகிறது. விமானம் முன்னே செல்கிறது. ஒவ்வொரு செயலுக்கும் சமமான எதிர்ச்செயல் உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியே இங்கும் வேலை செய்கிறது.

ஆதிகால விமானங்களில் விசிறியைச் சுற்றியது மோட்டார் காரில் இருப்பது போன்ற பிஸ்டன் இயந்திரம். பின்னர் அதற்குப் பதிலாக வாயுச் சுழலி, அதாவது கேஸ் டர்பைன், வந்தது. அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருள் எரிந்து, அந்தச் சூடான வாயு சுழலியைச் சுற்றும். அச்சுழலியோடு பல்சக்கரங்கள் மூலம் விசிறியை இணைத்தால் அதுவே ‘டர்போபிராப்’ விமானம். பல்சக்கரம் எதற்கு? ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் ‘டார்ட்’ இயந்திரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்றுகள் சுழலும். அத்தனை வேகத்தில் விசிறி சுழல இயலாது. ஆகவே பல்சக்கரப் பெட்டி அதை ஏறத்தாழ 1,400 சுற்றுகளாகக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கும்.

ஜெட் விமானத்திலும் வாயுச் சுழலி உண்டு. ஆனால் வெளியே தெரியும் விசிறி இல்லை. அது மிக உயரத்தில், மிக வேகமாகப் பறக்கும். இன்று நாம் காணும் ஏ.டி.ஆர்.-72 என்னும் விசிறி விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஏர்பஸ் 320 போன்ற ஜெட் 800 கிலோமீட்டருக்கு மேல் செல்லும். ஆயினும் குறுகிய தூரத்துக்கு விசிறி விமானமே சிக்கனமானது. எரிபொருள் குறைவாகச் செலவாகும். சிறிய ஓடுபாதையே போதும்.

நம் நாட்டில் விசிறி விமானங்கள்

நம் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்திலேயே, 1935-இல், டாடா நிறுவனத்தின் விமானம் பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்துவிட்டது. அக்கால விமானங்கள் பிஸ்டன் வகையைச் சேர்ந்தவை. 1953-இல் உள்நாட்டு விமான நிறுவனங்கள் எட்டும் நாட்டுடைமையாக்கப்பட்டு ‘இந்தியன் ஏர்லைன்ஸ்’ உருவாயிற்று. அந்நிறுவனம் 1957-இல் வைக்கவுண்ட் விமானங்களைப் பெற்றது. உலகில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் டர்போபிராப் விமானம் இதுவே. 1961-இல் ஃபோக்கர் ஃபிரண்ட்ஷிப் வந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள், கான்பூரில் நம் நாட்டவர் கையால் இணைத்துக் கட்டப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விமானம் வானில் எழுந்தது. அவ்வகை விமானங்கள் மொத்தம் 89 நம் நாட்டில் கட்டப்பட்டன. ஃபோக்கரும் ஆவ்ரோவும் ஏறத்தாழ நாற்பது பேரை ஏற்றிச் செல்லக்கூடியவை. இரண்டிலும் மேலே சொன்ன டார்ட் இயந்திரமே இருந்தது. பின்னாளில் பிரதமரான ராஜீவ் காந்தியும், அரசியலுக்கு வருமுன் இந்தியன் ஏர்லைன்ஸில் ஆவ்ரோ ஓட்டிய விமானிகளுள் ஒருவரே.

இதற்கிடையில் 1964-இல் கேரவல் ஜெட்டும், 1970-71-இல் போயிங் 737 ஜெட்டும் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்துசேர்ந்தன. முதலில் வைக்கவுண்ட், பிறகு ஃபோக்கர், ஆவ்ரோ என்று விசிறி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடைபெற்றன. சிற்றூர்களுக்கு விமானம் விடுவதற்காக 1981-இல் ‘வாயுதூத்’ தொடங்கப்பட்டது. அதன் டோர்னியர் 228 என்னும் சிறு விமானங்கள் நெய்வேலி, தஞ்சாவூர் போன்ற இடங்களுக்குக்கூடச் சென்றன. 1993-இல் அந்நிறுவனம் இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டது. சென்னையை இருப்பிடமாகக் கொண்ட என்.இ.பி.சி. நிறுவனமும் 1990-களில் ஃபோக்கர் விமானங்களை ஓட்டிச் சில ஆண்டுகளில் நின்றுபோயிற்று.

ஏன் ஓய்வு கொடுக்கிறார்கள்?

விமானம் பழையதாகிவிட்டது என்பது மட்டுமே காரணம் அன்று. அதன் உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகும், விலை ஏறும். பயணிகள் ஜெட்டை விரும்புவார்கள். வேகமும் அதிகம், அதிர்வும் குறைவு. எல்லாவற்றினும் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தில் ஒரே வகை விமானம் இருந்தால், ஒரே வகை உதிரிப் பாகம், ஒரே வகைப் பயிற்சி, ஒரே பட்டியல் விமானிகள் போதும். இரண்டு வகை இருந்தால் எல்லாம் இரட்டிப்பு. ஒரு வீட்டில் விறகடுப்பும் எரிவாயு அடுப்பும் சேர்ந்து இருந்தால், விறகும் வாங்க வேண்டும், சிலிண்டரும் வாங்க வேண்டும் அல்லவா? அதுபோலத்தான்.

ஓய்வு பெறும் விமானத்தின் இடத்தில் எப்போதும் ஜெட்தான் வரும் என்பதும் இல்லை. நம் விமானப் படையின் பழைய ஆவ்ரோக்களுக்குப் பதிலாக சி-295 என்னும் விமானங்கள் 56 வாங்க முடிவாயிற்று. அவற்றுள் முதலாவது 2023 செப்டம்பரில் ஒப்படைக்கப்பட்டது. அதுவும் டர்போபிராப் விமானமே. விசிறி போய் விசிறியே வந்தாலும் விமானி புதிதாகப் படித்தே ஆகவேண்டும். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

உரிமமும் விமான வகையும்

மோட்டார் கார் ஓட்டும் உரிமம் பெற்றவர் அம்பாசிடரும் ஓட்டலாம், மாருதியும் ஓட்டலாம். விமானிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெறுவதற்குப் பதினெட்டு வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். தேர்வுகளில் வெற்றி பெற வேண்டும். மருத்துவச் சோதனையில் தகுதி பெற வேண்டும். இத்தனைக்கும் பிறகு, பெரிய விமானம் எதை ஓட்டுவதானாலும் அந்த வகைக்கென்று தனித் தகுதி பெற்று உரிமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஏ.டி.ஆருக்குத் தகுதி பெற்றவர் அதை வைத்துக்கொண்டு ஏர்பஸ்ஸில் உட்கார முடியாது. ஏர்பஸ் விமானி ஏ.டி.ஆரிலும் உட்கார முடியாது.

புதிய வகைக்கு மாறுகிறவர் மீண்டும் வகுப்பறைக்குச் செல்கிறார். விமானத்தின் மின்னமைப்பு, எரிபொருள் அமைப்பு, இறக்கைக் கட்டுப்பாடு ஆகிய அனைத்தையும் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதுகிறார். அடுத்து, பொய்விமானம் எனத்தக்க சிமுலேட்டரில் பயிற்சி. இயந்திரத்தில் தீ, ஒரு இயந்திரம் நின்றுபோதல், சக்கரம் இறங்காமை என்று ஆபத்துகளை ஒவ்வொன்றாகக் காட்டி அவரைச் சோதிப்பார்கள். பின்பு பயிற்றுநர் அருகில் அமர்ந்திருக்கப் பயணிகளோடு பறந்து, இறுதிச் சோதனையிலும் தேற வேண்டும். இது முடியப் பல மாதங்கள் ஆகும்.

எது கடினம்?

நல்ல விமானிக்கு இது எளிதன்றோ என்று எண்ணலாம். உண்மையில் பழைய திறமையே சில வேளை தடையாகும். விசிறி விமானத்தில் விசையைக் கூட்டியவுடன் விசிறியின் காற்று இறக்கைமேல் பாய்ந்து உடனே தூக்கும். விசையைக் குறைத்தால் விசிறியே காற்றைத் தடுத்து வேகத்தைத் தணிக்கும். ஜெட்டிலோ இயந்திரம் முழு வேகம் பெறச் சில நொடிகள் பிடிக்கும். அதன் உடலமைப்பு காற்றில் வழுக்கிச் செல்வதற்கென்றே அமைந்ததால் வேகம் எளிதில் குறையாது. ஆதலால் எங்கே இறங்கத் தொடங்குவது என்பதை வெகு முன்னதாகவே கணக்கிட வேண்டும். கை அறிந்ததை மறந்து, மனம் புதியதைக் கற்க வேண்டும்.

இன்னொன்று மனத்தைச் சார்ந்தது. விமானத்தின் முன்னறையில் இடப்புறம் அமர்பவர் கேப்டன். வலப்புறம் அமர்பவர் துணை விமானி. விசிறி விமானத்தில் பல ஆண்டுகள் இடப்புறம் அமர்ந்து ஆணையிட்டவர், ஜெட்டுக்கு மாறும்போது பெரும்பாலும் மீண்டும் வலப்புற இருக்கையிலிருந்தே தொடங்குகிறார். தம்மைவிட வயதில் இளையவரை ‘கேப்டன்’ என்று அழைத்து அவர் சொற்படி நடக்கிறார். தலைமை ஆசிரியையாக இருந்தவர் வேறு பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்வது போன்றது இது. வேலையும் போகவில்லை, கௌரவமும் போகவில்லை. ஆயினும் மனம் பழகச் சிறிது காலம் வேண்டும்.

மூப்பு வரிசையும் ஒரு சிக்கல். விமான நிறுவனங்களில் பதவி உயர்வும், ஓட்டும் விமானமும், விடுமுறையும்கூடப் பெரும்பாலும் மூப்புப் பட்டியலைப் பொறுத்தே அமைகின்றன. இரண்டு நிறுவனங்கள் இணைந்தால் ஒரு பட்டியலில் இருந்தவர்களை மற்றொரு பட்டியலில் எங்கே சேர்ப்பது? இக்கேள்வி பல நாடுகளில் நீதிமன்றம்வரை சென்றிருக்கிறது. பயணிகள் விமானம் ஓட்ட வயது வரம்பு 65. அவ்வயதை நெருங்கியவருக்குப் பயிற்சி அளிக்கப் பணம் செலவிடுவதற்கு நிறுவனம் தயங்கும். விமானத்தோடு தாமும் ஓய்வு பெற்றவர்கள் உண்டு.

விமானப் பொறியாளர்களும் தொழில் நுட்பப் பணியாளர்களும் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய உரிமமும் விமான வகையைச் சார்ந்ததே.

மாற்றத்தை வென்ற மூவர்

மாணவிகளே, இங்கே மூன்று பெண்மணிகளின் வரலாற்றை நீங்கள் அறிந்துகொள்வது நல்லது.

துர்பா பானர்ஜி 1966-இல் இந்தியன் ஏர்லைன்ஸில் விமானியாகச் சேர்ந்தார். பெண்ணை விமானியாக ஏற்கத் தயங்கிய காலம் அது. ஃபோக்கர் ஓட்டிய அவர், பின்னர் ஏர்பஸ் 300 என்னும் பெரிய ஜெட் விமானத்தையும் ஓட்டினார்.

சௌதாமினி தேஷ்முக் 1985 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து சில்சாருக்கு ஃபோக்கர் விமானம் ஒன்றைக் கேப்டனாக ஓட்டிச் சென்றார். பணியாளர் அனைவரும் பெண்களாகவே அமைந்த விமானப் பயணம் அது. பின்னர் அவர் போயிங் 737, ஏர்பஸ் 320 ஆகிய ஜெட்களுக்கும் கேப்டன் ஆனார்.

அன்று அவருக்கு வலப்புறம் துணை விமானியாக அமர்ந்திருந்தவர் நிவேதிதா. திருமணத்துக்குப் பின் நிவேதிதா பாசின் என அறியப்பட்ட இவர், 1990 ஜனவரி முதல் நாள், தமது 26-ஆம் வயதில், போயிங் 737 விமானத்தின் கேப்டனாகப் பறந்தார். ஜெட் பயணிகள் விமானத்துக்கு இத்தனை இளம் வயதில் கேப்டனான பெண் அன்று உலகில் வேறு எவரும் இல்லை.

மூவருமே விசிறி விமானத்தில் தொடங்கியவர்கள். அவ்விமானங்கள் போய்விட்டன, அவர்கள் போய்விடவில்லை. இன்று விமானிகளுள் பெண்களின் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்திருக்கும் நாடுகளுள் இந்தியா முன்னணியில் நிற்கிறது என்றால், அதற்கு வழி அமைத்தவர்கள் இத்தகையோரே.

நிறுவனமே மூடினால்?

நிறுவனம் நிலைத்திருந்து, தானே பயிற்சி கொடுத்தால் விமானி மாறிவிடலாம். நிறுவனமே மூடினால் நிலை வேறு. 2003-இல் ஏ.டி.ஆர். விமானங்களோடு தொடங்கிய ஏர் டெக்கான் பின்னர் கிங்ஃபிஷருடன் இணைந்தது. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17-ஆம் நாள் பறப்பதை நிறுத்தியது. சென்னை–சேலம் தடத்தில் 2018-இல் விமானம் விட்ட ட்ரூஜெட் 2022-இல் நின்றது. இம்மூன்றிலும் ஏ.டி.ஆர். விமானங்கள் இருந்தன. வேலை இழந்த ஏ.டி.ஆர். விமானிக்கு அதே விமானம் உள்ள வேறு நிறுவனம் வேண்டும்; நம் நாட்டில் அத்தகைய நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஜெட்டுக்கு மாறலாம் என்றால், அப்பயிற்சிச் செலவைத் தாமே ஏற்க வேண்டிவரும். பல லட்சம் ரூபாய் அது.

வெளிநாட்டிலும் இதுவே நிலை. அமெரிக்காவில் ஹொரைசன் ஏர் நிறுவனம் 2023 ஜனவரியில் தன் கியூ-400 விசிறி விமானங்களுக்கு விடை கொடுத்து, எம்பிரேயர் 175 ஜெட் ஒன்றையே வைத்துக்கொண்டது. அதன் விமானிகள் ஜெட்டுக்குப் பயிற்சி பெற்றார்கள். இங்கிலாந்தில் அதே வகை விமானங்களை மிகுதியாக வைத்திருந்த ஃப்ளைபி நிறுவனம் 2020 மார்ச்சில் மூடிவிட்டது. அடுத்த சில வாரங்களில் கொரோனாவால் உலகமெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. ஒரே வகை விமானம். ஆனால் ஓரிடத்தில் விமானிக்குப் புதிய பாதை, மற்றோரிடத்தில் திடீரென வேலையின்மை. விமானத்தின் ஓய்வு விமானியைத் தாழ்த்துமா உயர்த்துமா என்பது, அந்த ஓய்வு முன்கூட்டியே திட்டமிடப்பட்டதா என்பதைப் பொறுத்தது.

நமக்கு அருகில் வாகைக்குளம்

நம் மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. மேற்கே திருவனந்தபுரமும் வடகிழக்கே தூத்துக்குடி வாகைக்குளமும் நமக்கு உதவுகின்றன. வாகைக்குளத்தில் ஓடுபாதை ஏறத்தாழ 1,350 மீட்டர் நீளமே இருந்தது. அந்நீளத்தில் ஏ.டி.ஆர்., கியூ-400 போன்ற விசிறி விமானங்களே வந்துபோக முடிந்தது. ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் பணி மேற்கொள்ளப்பட்டது. புதிய பயணியர் முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. ஓடுபாதை நீண்டால் ஜெட் வரும். தென் மாவட்ட மக்களுக்கு அது நன்மையே. ஆனால் ஓரிடத்தில் ஜெட் இறங்கத் தொடங்கும்போது அங்கே விசிறி விமானத்தின் தேவை குறையும் என்பதையும் இப்போது நீங்கள் ஊகித்திருப்பீர்கள்.

அதற்காக விசிறி விமானத்தின் காலம் முடிந்துவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். 2016-இல் அறிவிக்கப்பட்ட உடான் திட்டத்தின் முதல் விமானம் 2017 ஏப்ரல் 27 அன்று சிம்லாவிலிருந்து தில்லிக்குப் பறந்தபோது, அது ஏ.டி.ஆர்.-42 விமானமே. இண்டிகோ நிறுவனம் 2017 இறுதியில்தான் ஏ.டி.ஆர். விமானங்களை ஓட்டத் தொடங்கியது. 2019 நவம்பரில் சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு, நாற்பதாண்டு இடைவெளிக்குப் பின் தொடங்கிய விமானப் போக்குவரத்தும் ஏ.டி.ஆர். விமானத்திலேயே நடந்தது. ஓரிடத்தில் ஓய்வு பெறுவது மற்றோரிடத்தில் தேவைப்படுகிறது.

மாணவியர்க்கும் பெற்றோர்க்கும்

விமானி ஆக வேண்டும் என்று உங்களில் யாரேனும் எண்ணினால், இந்த வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: விமானியின் அறிவில் இரு பகுதிகள் உண்டு. எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது, எந்த விளக்கு எதைக் குறிக்கிறது என்பன ஒரு பகுதி. விமானம் மாறினால் இவை மாறிவிடும். காற்றியக்கம், வானிலை, திசையறிதல், கணக்கு, தெளிவான ஆங்கிலப் பேச்சு, பதறாத மனம், சக பணியாளரோடு ஒத்துழைத்தல் என்பன மற்றொரு பகுதி. இவை எந்த விமானத்துக்கும் உடன் வரும். இன்று இயற்பியல் வகுப்பில் நீங்கள் படிக்கும் விசையும் அழுத்தமும் இந்த இரண்டாம் பகுதியைச் சேர்ந்தவை. தேர்வுக்காக மட்டும் படித்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

இரண்டாவது, பெற்றோர்க்கு: விமானப் பயிற்சிக்கு ஆகும் செலவு பெரிது. அதன்மேல் விமான வகைத் தகுதிக்கும் தனிச் செலவு உண்டு. வேலை உறுதியாகுமுன் யாரோ சொன்னார் என்று ஏதோ ஒரு விமான வகைக்குப் பணம் கட்டிவிட்டால், அந்த விமானம் உள்ள நிறுவனத்தில்தான் வேலை தேட வேண்டிவரும். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ மகளைப் படிக்க வைக்கும் முன், எந்த நிறுவனத்தில் எந்த விமானம் இருக்கிறது, பயிற்சிச் செலவை யார் ஏற்கிறார்கள், எத்தனை ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறார்கள் என்று விசாரித்து அறிவது நலம். பயப்பட வேண்டியதில்லை, கணக்குப் பார்க்க வேண்டும்.

இது விமானிக்கு மட்டும் உரிய பாடமன்று. தட்டச்சுப் பொறி போய்க் கணிப்பொறி வந்தபோது எத்தனையோ பெண்கள் அலுவலகங்களில் மீண்டும் மாணவிகளானார்கள். நாளை நீங்கள் செவிலியராகலாம், ஆசிரியையாகலாம், பொறியாளராகலாம். கையில் உள்ள கருவி ஒருநாள் மாறும். அன்று, பதவியின் நினைவை ஒருபுறம் வைத்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தோடு வகுப்பறையில் உட்காரத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கான பழக்கம் இந்தப் பள்ளியின் பெஞ்சிலேயே தொடங்குகிறது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. டர்போபிராப் இயந்திரத்தில் பல்சக்கரப் பெட்டி ஏன் தேவைப்படுகிறது?

2. காற்றாலைக்கும் விமான விசிறிக்கும் உள்ள ஒற்றுமை, வேற்றுமை யாவை?

3. ஒரு நிறுவனம் ஒரே வகை விமானத்தை வைத்திருப்பதால் அதற்கு என்ன இலாபம்? விமானிக்கு என்ன நட்டம் வரக்கூடும்?

4. உங்கள் குடும்பத்தில் கருவி மாறியதால் தொழிலைப் புதிதாகக் கற்றவர் யார்? அவரிடம் கேட்டு அரைப் பக்கம் எழுதுக.